பொடக்காலித் தோட்டத்தில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கொங்கு நாட்டில் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணி. சிறுவாணியோ பவானியோ ஆழியாறோ காவிரியோ, அது ஊரைப் பொறுத்தது. வருகிற அன்றைக்குக் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் உப்புத் தண்ணி, போர்வெல்லில் இருந்து. செடிக்கு எதை ஊற்றுவது என்று வீட்டில் யாரும் கேட்பதே இல்லை. உப்புத் தண்ணிதான், வேறென்ன?

சூலூருக்குக் கிழக்கே எங்கள் வீட்டுப் பொடக்காலியிலும் (வீட்டுக் கொல்லைப்புறம்) மொட்டை மாடியிலும் பன்னிரண்டு வருசமாகக் காய்கறி போடுகிறேன். முதல் மூன்று நான்கு வருசம் மஞ்சள் இலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து வாங்கினேன். இப்போது அலமாரியில் இருப்பது வேப்பெண்ணெய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொட்டலம், அவ்வளவுதான். செடி சுணங்கினால் முதலில் தண்ணீரைப் பார்ப்பேன். அப்புறம் வெயிலும் காற்றும். அதற்கப்புறம் பூச்சி. நோய் கடைசியில்தான். என் தோட்டத்தில் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது குழாயிலேயே முடிந்துவிட்டன. கீழே உங்கள் செடியில் தெரிகிற அறிகுறியைத் தேடி, அந்த இடத்தை மட்டும் படித்தாலும் போதும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். அடி இலையா, கொழுந்தா? இதைப் பார்க்காமல் கடைக்குப் போய் "செடி மஞ்சளா இருக்குங்க" என்று சொன்னால், கடைக்காரர் கைக்கு எட்டுகிற டப்பாவை எடுத்துக் கொடுப்பார். அவர்மேல் தப்பில்லை.

அடி இலைகள் முழுசாக வெளிறி உதிர்கின்றன, மேலே செடி மெலிந்து வெளிர் பச்சையாக நிற்கிறது என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை. மாடித் தோட்டத்தில் இதற்கு நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: தேங்காய் நார்த் தூள். பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் குவிந்து கிடப்பது, விலை மலிவு, பை எடை குறைவு என்று பையில் முக்கால்வாசி அதையே நிரப்பிவிடுகிறோம். மக்காத நார்த் தூளில் கரிமம் நூறு பங்குக்கு மேல் என்றால் தழைச்சத்து ஒரு பங்குதான். அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் நீங்கள் போட்ட எருவில் இருக்கிற தழைச்சத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். செடி பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு பிடி தூளை எடுத்து வாளித் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறி, தூள் பொன்பழுப்பாகவே இருந்தால் அது இன்னும் மக்கவில்லை. மக்கிய தூள் கறுத்து, மண் வாசனையோடு இருக்கும்.

ஏற்கெனவே பையில் போட்டாயிற்று என்றால் கொட்டவேண்டாம். செக்கில் வாங்கிய கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். நான்கு வாரத்தில் புது இலை பச்சையாக வரும். விழுந்த அடி இலை விழுந்ததுதான், அது திரும்பப் பச்சையாகாது. வாடை பலமாக இருக்கும், பக்கத்து வீட்டில் விருந்தாளி வந்திருக்கிற நாளைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்த முறை பை நிரப்பும்போது செம்மண் ஒரு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு, மக்கின நார்த் தூள் ஒரு பங்கு. ஆட்டெரு கிடைத்தால் இன்னும் நல்லது. பட்டியில் இருந்து அள்ளியதும் போடாமல் மூன்று மாதமாவது ஆறவிடுங்கள்.

கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக, வலை போட்டதுபோலத் தெரிகிறதா? அடி இலையெல்லாம் நன்றாக இருக்கிறதா? இது இரும்புச்சத்து. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. கோவை, பல்லடம், தாராபுரம் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு அதிகம், மம்முட்டி போட்டால் சுக்கான் கல் தட்டும். போர் தண்ணீரிலும் அதே சுண்ணாம்பு. மாதக்கணக்கில் அதை ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும். வேர் பக்கத்திலேயே இருந்தும் எடுக்க முடியாது. அதனால்தான் ஆணியைப் புதைப்பது, துருப்பிடித்த தகரத்தைப் போடுவது எல்லாம் இங்கே வேலைக்கு ஆவதில்லை.

இலை வழியாகக் கொடுக்க வேண்டும். அன்னபேதி 5 கிராம், ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், அரை எலுமிச்சம்பழச் சாறு. பொழுது சாய்ந்தபின் இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளிக்கவும், பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. கரைசலைக் கலக்கியதும் அடித்துவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது. வாங்கும்போது அன்னபேதி வெளிர் பச்சைக் கட்டியாக இருக்கவேண்டும். செங்கல்பொடி நிறத்துக்கு மாறியிருந்தால் அது கெட்டது, காசு தராதீர்கள். பத்து நாளில் கொழுந்து பச்சை பிடிக்கிறதைப் பார்க்கிற சந்தோசம் தனி.

அடி இலையில் நரம்புக்கு நடுவே மட்டும் மஞ்சள் என்றால் மக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், அதேபோல் தெளித்தால் சரி. வெண்டையில் இதற்கு நேர்மாறாக நரம்பு மஞ்சளாகவும் மற்ற இடம் பச்சையாகவும் இருந்தால் சத்துக் குறைவே இல்லை. கீழே இலை சுருள்கிற பகுதிக்குப் போங்கள்.

இலை ஓரம் கருகுகிறது

இரண்டு காரணம், இரண்டுமே நம் ஊர் சமாச்சாரம்.

முதலாவது உப்பு. அடி இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் வறுத்த அப்பளம்போலப் பழுப்பு. பையின் விளிம்பிலோ மண்ணின் மேலோ வெள்ளைப் பூப்பு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆர்.ஓ. இயந்திரம் பார்க்க வருகிறவரிடம், தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிற டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், போர் தண்ணீரை அதில் பார்க்கச் சொல்லுங்கள். 450-க்குக் கீழே இருந்தால் எந்தச் செடிக்கும் பயமில்லை. 450-இல் இருந்து 2000 வரை செடியைப் பார்த்துத்தான் ஊற்றவேண்டும். 2000-ஐத் தாண்டினால் காய்கறிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நொய்யல் கரையில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதை மீட்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

உப்பை முதலில் காட்டிக்கொடுப்பது பீன்ஸ். அப்புறம் வெங்காயம், கேரட். தக்காளியும் கத்தரியும் ஓரளவு பொறுக்கும். பீட்ரூட்டும் பாலக்கீரையும் கல்லுப்போல நிற்கும். அதனால் போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் பீன்ஸ் போட்டு மல்லுக்கட்டுவதைவிட பீட்ரூட் போடுவது புத்திசாலித்தனம்.

செய்யவேண்டியது: மாதம் ஒருநாள் நல்ல தண்ணீரைப் பையில் ஊற்றி, கீழ் ஓட்டை வழியாகத் தாராளமாக ஓடவிடுங்கள். ஒரு வாளி வீணாகிறதே என்று பார்க்காதீர்கள், உப்பு அதோடு வெளியே போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நின்று பெய்தால் இந்த வேலையை அதுவே செய்துவிடும். மழைக்கு அப்புறம் செடியெல்லாம் முகம் கழுவியதுபோல நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். தினமும் கொஞ்சமாகத் தெளித்து மேல்மண்ணை மட்டும் நனைப்பதுதான் மோசம். தண்ணீர் ஆவியாகி உப்பு தங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் நிறுத்துங்கள்: ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் குழாயைச் செடிக்குத் திருப்பி விடுகிறோம். ஆனால் குடிக்கிற தண்ணீரில் இருந்து பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. கடினத் தண்ணீரை மென்மையாக்குகிற சாஃப்ட்னர் வழியாக வருகிற தண்ணீர் இன்னும் கெடுதல். அதில் சுண்ணாம்பு போய் சோடியம் வந்திருக்கும், மண்ணே இறுகிப்போகும்.

இரண்டாவது காற்று. வைகாசிக் கடைசியில் இருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி வீசும் என்பதற்குப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளே சாட்சி. செடியைச் சுற்றி வந்து பாருங்கள். மேற்குப் பக்கத்து இலைகள் மட்டும் கிழிந்து, ஓரம் காய்ந்து, கிழக்குப் பக்கம் நன்றாக இருந்தால் அது காற்று. எந்த நோய்க்கும் திசை தெரியாது. மேற்கே நிழல் வலையை ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று அடிக்கும். வலை என்றால் சல்லடைபோல வேகத்தைக் குறைத்து அனுப்பும். ஆடிப் பட்டத்தில் விதைப்பதே வழக்கம், நானும் அப்படித்தான். ஆனால் மாடியில் மட்டும் சோளத்தை மேற்கு ஓரப் பைகளில் ஒரு மாதம் முன்பே போட்டுவிடுவேன். அது வேலியாகவும் ஆகும், கதிரும் கிடைக்கும்.

தக்காளிக் காயின் அடியில் கறுப்பு

காய் பாதி பெருத்ததும் அடிப்பக்கத்தில், பூ ஒட்டியிருந்த இடத்தில், தோல் அமுங்கிக் கறுத்து வட்டமாகக் காய்கிறது. பார்த்தவுடன் பூஞ்சை என்று தோன்றும். மருந்தடித்தும் அடங்காது, ஏனென்றால் பூஞ்சையே இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை.

இங்கே வேடிக்கையைப் பாருங்கள். மண்ணில் சுக்கான் கல், தண்ணீரில் சுண்ணாம்பு, குழாய் வாயில் வெள்ளைப் படலம். இத்தனை இருந்தும் காய்க்குச் சுண்ணாம்புப் பஞ்சம். காரணம், அது வேரில் இருந்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். இலை நிறைய தண்ணீரை இழுக்கும், காய் கொஞ்சமாகத்தான் இழுக்கும். இரண்டு நாள் மண் காய்ந்தால் காய்க்கு வரவேண்டியது வருவதில்லை. அந்த இரண்டு நாள்தான் பத்து நாள் கழித்துக் கறுப்பாகத் தெரிகிறது. காங்கயத்தில் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, குற்ற உணர்ச்சியில் செடிக்கு இரண்டு வாளி ஊற்றியிருப்பீர்கள். யோசித்துப் பாருங்கள், நாள் சரியாக இருக்கும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் நம் காரமான மண்ணில் அது கரைவதற்குள் அந்தச் செடியின் ஆயுசு முடிந்துவிடும். தண்ணீரை ஒழுங்காக ஊற்றுவதுதான் வைத்தியம். தினமும் ஒரே நேரத்தில், வெயில் காலத்தில் வெள்ளெனே (விடிந்ததும்) ஒருமுறை, பொழுதோட (சாயங்காலம்) ஒருமுறை. மண்ணின் மேல் நான்கு விரல்கடை கனத்துக்குச் சோளத்தட்டு மூடாக்கு. கறுத்த காயைக் கிள்ளிவிடுங்கள், அடுத்த கொத்து நன்றாக வரும். பத்து லிட்டருக்குக் குறைவான பையில் தக்காளி வைத்தால் இந்தத் தொல்லை விடாது.

பழம் வெடிப்பதும் இதே ஒழுங்கீனத்தின் இன்னொரு முகம். மண் காய்ந்து கிடந்த அப்புறம் பெருமழை பெய்தால் தோல் தாங்காது. மழை வருகிறதென்றால் பழுக்கத் தொடங்கியதைப் பறித்துவிடுங்கள்.

நன்றாக இருந்த செடி வாடுகிறது

மதியம் வாடி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் அது வெயில். விட்டுவிடுங்கள். விடியற்கருக்கலில் போய்ப் பார்க்கும்போதே வாடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். சொதசொதவென்று இருந்து நாற்றமடித்தால் கீழ் ஓட்டையை வேர் அடைத்திருக்கிறது. பையைச் சாய்த்து ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். இரண்டும் இல்லாமல், மண் ஈரமாகவும் செடி வாடியும் இருந்தால் செடியைப் பலிகொடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

போன ஐப்பசியில் என் கத்தரி ஒன்று அப்படி நின்றது. இலை பச்சை மாறாமல், வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு போயிருந்தது. பிடுங்கி வேரைக் கழுவினேன், முடிச்சு இல்லை. தரையை ஒட்டித் தண்டைச் சாய்வாக அறுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, அறுத்த முனை மட்டும் தண்ணீரைத் தொடும்படி தண்டைப் பிடித்தேன். அசைக்கக்கூடாது. ஒரு நிமிசம் ஒன்றுமில்லை. அப்புறம் முனையில் இருந்து பால்நூல் ஒன்று மெல்ல இறங்கியது, ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் டம்ளரின் அடி கலங்கிவிட்டது. இது பாக்டீரியா வாடல். அந்தப் பாலில் இருப்பது முழுக்கக் கிருமி.

இதற்கு மருந்து கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள். செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போடக்கூடாது. அறுத்த கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள். அந்தப் பை மண்ணிலோ பாத்தியிலோ மூன்று வருசமாவது தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம். வெங்காயமும் சோளமும் போடலாம். பக்கத்துச் செடிகளுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் அந்த இடம் வழியாக ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் வராமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பூஞ்சை வாடல். இது மெதுவாக வரும், பெரும்பாலும் அடி இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகித் தொடங்கும். அடுத்த நடவுக்கு முன்னால் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சையை ஈரமான எருவில் கலந்து பத்து நாள் நிழலில் வைத்துப் போட்டால் ஓரளவு கட்டுப்படும்.

வேரில் ஜவ்வரிசியும் பட்டாணியும் கோத்ததுபோல முடிச்சு இருந்தால் நூற்புழு. கடலைச் செடி வேரிலும் முடிச்சு இருக்கும், அது தட்டினால் உதிரும், நன்மை செய்வது. இது வேரோடு வேராக வீங்கியிருக்கும், உதிராது. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைக் கலந்து, ஒரு போகம் செண்டுமல்லி போடுங்கள். பூவை ஆயுத பூசைக்குக் கணக்கு வைத்துக்கொண்டால் புழுவுக்கும் வைத்தியம், சாமிக்கும் ஆச்சு.

இலை சுருள்கிறது

மிளகாயில் சுருட்டை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் இலை மேல்நோக்கி மடிந்து படகுபோல இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, கவிழ்த்த படகுபோல இருந்தால் மஞ்சள் சிலந்தி. பேனுக்கு வேப்பெண்ணெய்: 5 மில்லியைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு முதலில் வெண்மையாக வரும்வரை குலுக்கிவிட்டு, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்கவும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதந்து, ஒரு இலைக்கு எண்ணெயும் ஒரு இலைக்குத் தண்ணீருமாகப் போகும். பொழுதோடதான் அடிக்கவேண்டும், வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கோடையில் அதைத் தொடாதீர்கள், கொடி வகைகளுக்கும் வேண்டாம், கருகும்.

தக்காளியில் அடி இலைகள் மட்டும் குழலாகச் சுருண்டு, கையில் பிடித்தால் தடித்து மொறமொறவென்று இருந்து, மேலே செடி வளர்ந்துகொண்டே இருந்தால் அது வெயிலுக்கும் காற்றுக்கும் செடி செய்துகொள்கிற தற்காப்பு. விட்டுவிடலாம். கொழுந்து சிறுத்து, சுருங்கி, ஓரம் மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றுவிட்டால் வைரஸ். வெண்டையில் மஞ்சள் நரம்பு வருவதும் வைரஸ்தான். இரண்டையும் கொண்டுவருவது வெள்ளை ஈ. செடியை லேசாகத் தட்டினால் மாவு பறப்பதுபோல எழும்பும்.

வைரஸ் வந்த செடியைக் காப்பாற்ற முடியாது. இதைச் சொன்னால் யாருக்கும் மனசு வருவதில்லை, எனக்கும் வந்ததில்லை. நான்கு காய் தொங்குகிறதே, போகட்டும் என்று ஒரு வாரம் விட்டேன், பதினோரு வெண்டையில் ஒன்பது போனது. பஞ்சகவ்யம் அடித்தால் சரியாகும் என்பார்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய அந்தப் பஞ்சகவ்யத்தை நானும் லிட்டருக்கு 30 மில்லி கலந்து மாதம் இருமுறை தெளிக்கிறேன், செடி நன்றாகத் தழைக்கும். ஆனால் அது சாப்பாடு, வைரசுக்கு மருந்து ஆகாது. நோய் கண்ட செடியை முதல் நாளே பிடுங்குங்கள். பிடுங்குவதற்கு முன் ஒரு பையால் மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதில் இருக்கிற ஈயெல்லாம் பக்கத்துச் செடிக்குப் போய் உட்காரும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் ஈ ஒட்டும். அடுத்த விதைப்புக்கு நோய் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்: வெண்டையில் அர்கா அனாமிகா, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 4 வீரியம், தக்காளியில் அர்கா ரக்ஷக்.

கத்தரியின் நுனி தொங்குகிறது

செடி முழுக்க நன்றாக இருந்து, ஒரு கிளையின் நுனி மட்டும் கழுத்தொடிந்து தொங்கினால் தண்டு, காய்த் துளைப்பான். தொங்குகிற இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே கிள்ளி, நகத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். எச்சம் அடைத்த பாதை ஒன்று ஓடும், அதன் கடைசியில் இளஞ்சிவப்புப் புழு. கிளையிலேயே கொன்றால் காய்க்குப் போகாது, காய்க்குள் போய்விட்டால் எந்தத் தெளிப்பும் அதைத் தொடாது. வாரம் இரண்டு தடவை நுனி பார்த்துக் கிள்ளுவதைவிட நல்ல மருந்து பத்துச் செடி வைத்திருப்பவருக்குக் கிடையாது. ஓட்டை விழுந்த காயை வெட்டிப் புழு எடுத்துவிட்டுப் புளிக்குழம்பில் போடுவது உங்கள் இஷ்டம், ஆனால் வெட்டிய மீதியைச் செடிக்கடியில் எறியாதீர்கள். சோப்புத் தண்ணீரில் போட்டுவையுங்கள்.

பூக்கிறது, காய்ப்பதில்லை

பங்குனி, சித்திரையில் தக்காளிப் பூ உதிர்ந்தால் 35 டிகிரியைத் தாண்டிய வெயில்தான் காரணம். மகரந்தம் மலடாகிவிடும். கரூர், ஈரோடு பக்கம் சொல்லவே வேண்டாம். 50 விழுக்காடு நிழல் வலை கட்டலாம், அல்லது அந்த இரண்டு மாதம் வெண்டையும் கொத்தவரையும் போட்டுவிட்டுத் தக்காளியைச் சந்தையில் வாங்கலாம். நான் இரண்டாவது கட்சி.

வெயில் இல்லாத மாதத்திலும் உதிர்ந்தால் அரப்பு மோர். தலைக்குத் தேய்க்கிற அதே அரப்பு இலைத் தூளைப் புளித்த மோரில் ஒரு வாரம் ஊறவைத்து, வடிகட்டி, பத்துக்கு ஒன்று தண்ணீரில் கலந்து பூக்கிற சமயத்தில் அடிப்பார்கள். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்தில் மோர் மட்டும்தான் தெளிப்பார்கள், அரப்பு தலைக்கு.

பூசணி, பீர்க்கன், பாகல் முதல் இரண்டு வாரம் ஆண் பூவாகவே பூக்கும். பதறவேண்டாம். பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ. மூன்றாவது மாடிக்குத் தேனீ வருவதில்லை என்றால் நீங்கள்தான் தேனீ. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவவேண்டும். பூசணிக்கு வெள்ளெனே, ஏழு மணிக்குள். பீர்க்கனும் சுரையும் பொழுதோடதான் மலரும், காலையில் போய்த் தடவிப் பிரயோசனம் இல்லை. தடவியும் பிஞ்சு மஞ்சளாகி அழுகினால் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே காகிதப் பையோ பழைய துணியோ சுற்றிக் கட்டிவிடுங்கள்.

வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, கறுப்பாகப் படிந்திருக்கிறது

பஞ்சுபோல வெள்ளை என்றால் மாவுப்பூச்சி. 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதன்முதலாகக் கோவையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, கத்தரி என்று ஒன்றையும் விடவில்லை. எங்கள் வாசல் பப்பாளி வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல நின்று செத்தது. எத்தனை அடித்தும் அடங்காததை 2010-இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து வரவழைத்து விட்ட, அசெரோபேகஸ் பப்பாயே என்கிற எள்ளைவிடச் சிறிய குளவி அடக்கியது. அந்தக் குளவி இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறது. கடும் மருந்து அடித்தால் பூச்சிக்கு முன்னால் சாவது அதுதான். அதனால் குழாயை அழுத்திப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறேன். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், பூச்சியைச் சுமந்து பரப்புவது எறும்புதான். தை மாத அவரையில் வருகிற அசுவினிக்கும் இதே வைத்தியம், கூடவே பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவலாம்.

இலையின் மேல் கரி பூசியதுபோல இருந்து, விரலால் தேய்த்தால் வந்துவிட்டால், தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். தென்னை இருக்கிறதா? 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் தெரியவந்த சுருள் வெள்ளை ஈ தென்னோலையின் அடியில் உட்கார்ந்து இனிப்புத் திரவத்தைச் சொட்டும். கீழே இருக்கிற கத்தரியிலும் கறிவேப்பிலையிலும் அதன் மேல் கரும்பூஞ்சை படரும். கத்தரிக்கு நோயே இல்லை, மேல்வீட்டுக்காரன் சிந்தியது. மைதா 25 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டித் தெளித்தால், காய்ந்து பொருக்காகி கரியோடு உதிரும்.

நாற்று காணவில்லை

கழுத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்திருந்தால் நாற்றழுகல். தண்ணீரைக் குறையுங்கள், விதையைச் சூடோமோனாஸில், கிலோவுக்கு 10 கிராம் கணக்கில், புரட்டி விதையுங்கள். கத்தியால் வெட்டியதுபோலக் கிடந்தால் இரவில் டார்ச்சோடு போனால் புழுவைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். கீரை விதை முளைக்கவே இல்லை என்றால் எறும்பு. விதைத்த அன்றே பாத்தியைச் சுற்றி ஒரு கை அரிசிக் குருணை தூவுங்கள், அதைச் சுமந்துகொண்டு போய்விடும்.

காய் பாதி கடித்துக் கிடக்கிறது

மேலே சின்னச் சின்னப் பல் தடம் என்றால் அணில். குத்திக் கிழித்து, செடியே சாய்ந்திருந்தால் மயில். காங்கயம், பல்லடம் பக்கம் கோழியைவிட மயில் அதிகம். தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியல், கல்லெடுத்து எறியக்கூட யோசிக்க வேண்டும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டினால் பத்து நாள் பயப்படும், பதினோராவது நாள் அதன் மேலேயே உட்காரும். நைலான் வலையை மேலேயும் சேர்த்துக் கூரையாகக் கட்டினால்தான் தப்பிக்கும். அதற்கு வசதி இல்லாதவர்கள் தக்காளி அடியில் இளம் ஆரஞ்சு நிறம் ஏறிய அன்றே பறித்து, உள்ளே ஒரு போசியில் போட்டு மூடிவைக்கலாம். நான்கைந்து நாளில் அங்கேயே பழுத்துவிடும்.